வசதியற்ற வீடுகளின் நாய், பூனைகளுக்கு உதவுவது எப்படி: களத்தில் இறங்குவோருக்கான முழுமையான வழிகாட்டி

ஏழை மக்கள் வாழும் பகுதிகளில் நாய், பூனைகளுக்கு உதவ முதல் முறை கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் கூண்டும் கையுமாக வருகிறார்கள். எலும்பு தெரிய நிற்கும் நாயைப் பார்த்ததும் தூக்கிக்கொண்டு போய்க் காப்பாற்றிவிட மனம் துடிக்கும். அந்தத் துடிப்பு நல்லதுதான். ஆனால் அந்த நாய்க்கு அநேகமாக ஒரு வீடு இருக்கும், பெயர் சொல்லிக் கூப்பிடும் பிள்ளைகள் இருப்பார்கள். அந்த வீட்டில் இல்லாதது வைத்தியச் செலவுக்குப் பணம், மருத்துவமனைக்குப் போக வண்டி, ஒரு நாள் வேலையை விட்டுவிட்டுப் போகும் வசதி.

ஆகவே எந்த விலங்கைப் பார்த்தாலும் முதலில் கேட்க வேண்டியது இதுதான்: இது இதே வீட்டில் நலமாக இருக்க என்ன குறைகிறது? அந்தக் குறையை நிரப்பவே முடியாதபோதுதான் கூண்டு. கீழே உள்ள படிகளின் வரிசையும் இந்தக் கேள்வியிலிருந்து வந்ததே. அவசர நிலை தவிர வேறு எதற்காகவும் வரிசையை மாற்றாதீர்கள்.

1. கிளம்பும் முன் முடிக்க வேண்டியவை

முதலில் ஒரு கால்நடை மருத்துவரிடம் உட்கார்ந்து பேசுங்கள். அவசரம் என்றால் எந்த நேரம் வரை பார்ப்பார், பணத்தைப் பிறகு கட்டலாமா, ஒரு நாளில் எத்தனை கருத்தடை அறுவை செய்ய முடியும், அறுவைக்குப் பின் ஓர் இரவு வைத்துக்கொள்வாரா? இவை தெரியாமல் களத்துக்குப் போனால் முதல் வீட்டிலேயே “நாளைக்கே கூட்டிப் போகிறேன்” என்று சொல்லிவிட்டு, பத்து நாள் கழித்தும் போக முடியாமல் தவிப்பீர்கள். அதற்குள் அடுத்த வீட்டுக் கதவு மூடியிருக்கும்.

பணத்தை இரண்டாகப் பிரித்து வையுங்கள். தடுப்பூசி, குடற்புழு மருந்து, கருத்தடை ஆகிய திட்டமிட்ட செலவுக்கு ஒன்று, அவசரத்துக்கு ஒன்று. பிரிக்காமல் வைத்தால் கால் முறிந்த ஒரே ஒரு நாயின் அறுவை, ஒரு தெரு முழுவதற்குமான தடுப்பூசிப் பணத்தை விழுங்கிவிடும். அந்த நாய்க்கு உதவக் கூடாது என்று சொல்லவில்லை. எவ்வளவு வரை போகலாம் என்பதை அடிபட்ட விலங்கு கண்முன் இல்லாத நேரத்தில், குழுவாக முடிவு செய்துகொள்ளுங்கள். அதன் முகத்தைப் பார்த்துக்கொண்டு யாராலும் கணக்குப் போட முடியாது.

குழுவில் விலங்கைத் தொடப்போகும் ஒவ்வொருவரும் ரேபிஸ் எனும் வெறிநாய்க்கடி நோய்க்கு முன்தடுப்பு ஊசி போட்டிருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைப்பது முதல் ஊசியும் ஏழு நாள் கழித்து இரண்டாவது ஊசியும்தான். அதற்குப் பிறகு கடி பட்டாலும் காயத்தை உடனே சோப்புப் போட்டு, ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போயே ஆக வேண்டும். முன்தடுப்பு இருப்பதால் போட வேண்டிய ஊசிகள் குறையும், அவ்வளவுதான். மனிதரிடம் ரேபிஸ் அறிகுறி தெரிந்த பிறகு ஏறத்தாழ எல்லாமே மரணத்தில்தான் முடிகின்றன. இந்த ஒன்றில் சலுகை கிடையாது.

கையில் எடுத்துப் போக வேண்டியவை: வழுக்கிக் கழன்றுவிடாத கழுத்துக் கயிறு, வாய்க்கட்டு, தடித்த துண்டுகள் இரண்டு, மூடியுள்ள பூனைக் கூடை, கையுறை, தொங்கு தராசு, பதிவேடு, பேனா. எடை தெரியாமல் எந்த மருந்துக்கும் அளவு சொல்ல முடியாது. அதனால்தான் தராசு.

2. முதல் முறை கேட்பதற்காக மட்டும் போங்கள்

முதல் நடையில் கூண்டு வேண்டாம், கேமரா வேண்டாம், ஒரே மாதிரி சட்டை போட்ட கூட்டமும் வேண்டாம். இரண்டு பேர் போதும். வெளியிலிருந்து வருகிறவர்கள் வீட்டை இடிக்கவோ பொருளை எடுத்துப் போகவோதான் வருவார்கள் என்று அனுபவப்பட்ட மக்களிடம் போகிறீர்கள். ஒரு பாட்டி என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “ஏம்மா, எங்க மணியக் கொண்டு போகவா வந்தீங்க?”

அந்தப் பகுதியில் எல்லா விலங்கையும் தெரிந்த ஒருவர் கண்டிப்பாக இருப்பார். மிச்சச் சோறு வைக்கிறவர், குட்டி போட்ட பூனைக்குப் பெட்டி தேடித் தருகிறவர். அவரைக் கண்டுபிடிப்பதுதான் முதல் நடையின் நோக்கம். அவர் உடன் வந்தால் பத்து வீடுகளில் ஒன்பது திறக்கும். அவர் இல்லாமல் போனால் ஒவ்வொரு வாசலிலும் உங்களை நீங்களே அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கும்.

பேச்சை எப்படித் தொடங்குவது? “நாய்க்கு ஊசி போட்டீங்களா?” என்று கேட்காதீர்கள். இல்லை என்று சொல்ல வைக்கும் கேள்வி அது, சொன்னவர் தலை குனிவார். “இவன் பேரென்ன? எத்தனை வருஷமா உங்ககூட இருக்கான்?” என்று கேளுங்கள். பெயரைச் சொன்னதும் பேச்சு தானாக வளரும். சாப்பாட்டில் தொடங்கி நோய் வரை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். ஒரு முறை எங்கள் குழுவில் ஒருவர், கயிறு இறுகி கழுத்து புண்ணாகியிருந்த நாயைப் படம் எடுத்து, வீட்டை அடையாளம் காணும்படி இணையத்தில் போட்டுவிட்டார். கயிறு குட்டியில் கட்டியது. நாய் வளர வளரக் கயிறு இறுகியதை முடி மறைத்துவிட்டது, அந்த வீட்டுப் பெண் கவனிக்கவில்லை. அந்தப் பெண்ணை ஊரே திட்டியது. அந்தத் தெருவில் யாரும் எங்களோடு பேச மூன்று மாதம் ஆயிற்று, அந்த மூன்று மாதமும் அங்கே எந்த நாய்க்கும் வைத்தியம் நடக்கவில்லை. அனுமதி இல்லாமல் படம் கூடாது. அனுமதி கொடுத்தாலும் முகமும் வீடும் தெரியக் கூடாது.

3. வீடு வீடாகப் பதிவு

இரண்டாம் நடையில் பதிவேட்டைத் திறக்கலாம். விலங்கின் பெயர், ஆணா பெண்ணா, ஏறத்தாழ வயது, எடை, அடையாளம், கடைசியாக ஊசி போட்டது எப்போது, கருத்தடை ஆனதா, சினையா, வீட்டில் யாரிடம் அடங்கும், வீட்டார் எந்த நேரம் இருப்பார்கள் என்று எழுதுங்கள்.

அடையாளத்தை “பழுப்பு நாய்” என்று எழுதினால் பயனில்லை. ஒரே சந்தில் ஆறு பழுப்பு நாய்கள் இருந்ததால் ஒரே நாய்க்கு இரண்டு முறை குடற்புழு மருந்து போனது எங்களுக்கு நடந்திருக்கிறது. “இடது முன்காலில் வெள்ளை, வால் நுனி மடிந்தது” என்று எழுதுங்கள்.

யாரிடம் அடங்கும் என்பது பலர் விட்டுவிடும் கேள்வி. அறுவைக்கு அழைத்துப் போகும் காலையில், பத்து வயதுப் பையன் பள்ளிக்குப் போயிருந்தால் அந்த நாயை வேறு யாராலும் தொட முடியாது என்பது அப்போதுதான் தெரியவரும்.

4. எது முதலில்?

பதிவு எடுக்கும்போதே அவசரங்களைப் பிரித்துவிட வேண்டும். கீழே சொல்பவற்றைப் பார்த்தால் பதிவேட்டை மூடிவிட்டு மருத்துவரை அழையுங்கள்.

கடுவன் பூனை சிறுநீர் கழிக்க முக்கி முக்கி, ஒன்றும் வராமல் திரும்பத் திரும்ப உட்காருகிறதா? மலச்சிக்கல் என்று நினைத்து எண்ணெய் கொடுப்பார்கள். அது சிறுநீர்ப்பாதை அடைப்பாக இருக்கலாம். ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

குட்டி ஈனும் நாய் அரை மணி நேரம் பலமாக முக்கியும் குட்டி வெளிவராவிட்டால் காத்திருக்காதீர்கள். தடுப்பூசி போடாத நாய்க்குட்டி வாந்தியும் இரத்தம் கலந்த பேதியுமாகச் சுருண்டு கிடந்தால் பார்வோ என்ற வைரஸ் குடல் நோயாக இருக்கலாம். அதற்கு வேண்டியது இரத்தக் குழாய் வழியாக நீர். வாய்வழியாக ஊற்றினால் வாந்திதான் கூடும். புழு வைத்த காயம், வயிறு திடீரென உப்பிய பெரிய நாய், வெயிலில் மூச்சிரைத்துத் தள்ளாடும் நாய் ஆகியவையும் இதே வரிசையில் வரும்.

தாடை தொங்கி, எச்சில் ஒழுக, விழுங்க முடியாமல், நடை தள்ளாடி, பழகியவர்களையே கடிக்க வருகிற நாயை நெருங்கவே வேண்டாம், அது ரேபிஸாக இருக்கலாம். தொண்டையில் எலும்பு சிக்கியிருக்கிறது என்று வாய்க்குள் கைவிட்டவர்கள் உண்டு. சுற்றி இருப்பவர்களை, முக்கியமாகக் குழந்தைகளை, விலக்கிவிட்டு உள்ளூர் நிர்வாகத்தின் கால்நடைப் பிரிவுக்குச் சொல்லுங்கள். யார் யாரைக் கடித்தது, யார் மேல் எச்சில் பட்டது என்று விசாரித்து அவர்களை அன்றைக்கே மருத்துவரிடம் அனுப்புங்கள்.

5. வாசலிலேயே முடியும் உதவிகள்

இவை சிறியவை. ஆனால் வீட்டாரின் நம்பிக்கை இங்கேதான் வளர்கிறது, அறுவைக்கு “சரி” என்று பிறகு சொல்வதும் இதனால்தான்.

குடற்புழு மருந்தை எடை பார்த்து, மருத்துவர் சொன்ன அளவில் கொடுங்கள். நாய்க்குட்டிகளுக்குத் தாயிடமிருந்தே உருண்டைப் புழு வந்துவிடும். அதனால் இரண்டு வார வயதில் தொடங்கி, பால் மறக்கும் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை கொடுப்பது வழக்கம். அந்தப் புழுவின் முட்டை மண்ணில் கிடந்து குழந்தைகளின் வயிற்றுக்கும் போகும் என்று சொன்னால், நாய் மேல் அக்கறை இல்லாத அப்பாக்களும் மருந்தைக் கேட்டு வாங்குவார்கள்.

உண்ணி, தெள்ளு மருந்தில் மிகுந்த கவனம் வேண்டும். பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி உள்ள நாய் மருந்து பூனையைக் கொன்றுவிடும். நாய்க்குத் தடவி அது காயும் முன் பூனை பக்கத்தில் படுத்தாலே ஆபத்து. வீட்டில் இரண்டும் இருக்கிறதா என்று கேட்காமல் மருந்தைக் கையில் கொடுக்காதீர்கள். காய்ச்சல் என்று மனித மாத்திரை கொடுப்பதும் இப்படித்தான். ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரை எடுக்கப் போதும். இபுப்ரோஃபென் நாய்க்கும் விஷம். சொறிக்கு மண்ணெண்ணெயும் வண்டி எண்ணெயும் தடவுவது தோலை வேக வைக்கும், நக்கும்போது உள்ளேயும் போகும். திட்டாதீர்கள். கையில் இருந்ததைக் கொண்டு காப்பாற்றப் பார்த்திருக்கிறார்கள். சரியான மருந்தைக் கொடுத்துவிட்டு, பழையதை ஏன் நிறுத்த வேண்டும் என்று சொல்லுங்கள்.

எலும்பும் தோலுமான நாய்க்கு முதல் நாளே வயிறு நிறையப் போடாதீர்கள். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்பில் திடீரென உணவு சேரும்போது இரத்தத்தில் பாஸ்பரஸ் போன்ற உப்புகள் சரிந்து இதயம் நின்றுபோகலாம். சிறிய அளவாக நாளுக்கு நான்கு முதல் ஆறு முறை கொடுத்து, பல நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். இது மருத்துவரின் கண்காணிப்பில் நடப்பது நல்லது.

கட்டிப் போட்ட நாய் என்றால், கழுத்துப்பட்டைக்கும் கழுத்துக்கும் இடையே இரண்டு விரல் நுழைகிறதா என்று பாருங்கள். சங்கிலியில் சுழலும் கொக்கி இருந்தால் முறுக்கிக்கொள்ளாது. தண்ணீர்ப் பாத்திரமும் நிழலும் சங்கிலி எட்டும் தூரத்துக்குள் இருக்க வேண்டும். “ஏன் கட்டிப் போட்டீங்க?” என்பதைவிட “அவிழ்த்துவிட்டா எங்க போவான்?” என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் வேலி இல்லை, பக்கத்து வீட்டாரோடு சண்டை, சாலையில் வண்டி என்ற பதில் வரும். இரண்டு கம்பங்களுக்கு இடையே ஒரு கம்பியை இழுத்துக் கட்டி, அதில் வளையம் கோத்துச் சங்கிலியை மாட்டினால் நாய் அந்த நீளம் முழுக்க நடக்கலாம். அரை நாள் வேலைதான்.

6. தடுப்பூசி நாள்

ஒரு பகுதியின் நாய்களில் குறைந்தது 70 சதவீதத்துக்கு ரேபிஸ் ஊசி போட்டால்தான் நோய் நாயிலிருந்து நாய்க்குப் பரவும் சங்கிலி அறும். சாதுவான நாய்களுக்கு மட்டும் போட்டுவிட்டுத் திரும்பினால் இந்தக் கணக்கு நிறைவேறாது. பிடிக்கக் கடினமானவற்றுக்கும் ஆள், நேரம் ஒதுக்குங்கள்.

தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். உறைந்தாலும் கெடும், சூடானாலும் கெடும். ஐஸ் கட்டி மேல் நேரடியாக வைக்காதீர்கள், குளிர்பெட்டிக்குள் வெப்பமானி ஒன்று கிடக்கட்டும். கெட்ட மருந்து பார்க்க நல்ல மருந்து போலவேதான் இருக்கும். போட்டும் பயனில்லாத ஊசி, போடாததைவிட மோசம். பாதுகாப்பு இருக்கிறது என்று வீட்டார் நம்பிவிடுவார்கள்.

காலையிலேயே தொடங்குங்கள். நாய்களுக்கும் பூனைகளுக்கும் தனித்தனி இடம் வேண்டும், முடிந்தால் தனித்தனி நேரம். வரிசையில் நாய்க்கு நாய் நான்கு அடியாவது இடைவெளி இருக்கட்டும். பேதி, இருமல், சளி உள்ள விலங்கை வரிசைக்குள் விடாமல் மருத்துவர் வெளியிலேயே பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் நோயைத் தடுக்க வைத்த முகாமே நோயைப் பரப்பிவிடும். ஊசி போட்ட பின் அரை மணி நேரம் நிழலில் இருக்கச் சொல்லுங்கள். மயங்கி விழும் அளவுக்குக் கடுமையான ஒவ்வாமை வந்தால் பெரும்பாலும் விரைவிலேயே வரும்; முகம் வீங்குவது, வாந்தி ஆகியவை சில மணி நேரம் கழித்தும் வரலாம்.

நாய்க்குட்டிகளுக்குப் பார்வோவுக்கும், டிஸ்டெம்பர் என்ற இன்னொரு வைரஸ் நோய்க்கும் ஊசி ஒரு முறை போட்டால் போதாது. தாய்ப்பாலில் வந்த எதிர்ப்புச் சக்தி ஊசியைச் செயல்படவிடாமல் தடுக்கும், அது எப்போது குறையும் என்று ஒவ்வொரு குட்டிக்கும் சொல்ல முடியாது. அதனால் 6 முதல் 8 வார வயதில் தொடங்கி, 16 வார வயது வரை சில வார இடைவெளியில் திரும்பப் போடுகிறார்கள். அடுத்த தேதியை அட்டையில் எழுதிக் கொடுப்பதோடு நிறுத்தாமல் உங்கள் பதிவேட்டிலும் ஏற்றுங்கள்.

7. கருத்தடை அறுவை

உங்கள் உழைப்பில் பாதி இங்கே போகும், போக வேண்டும். நாய்க்கும் பூனைக்கும் சினைக்காலம் ஏறத்தாழ இரண்டு மாதம். பூனை நான்கு, ஐந்து மாத வயதிலேயே சினையாகும், குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே மறுபடியும் சினையாகும். “இன்னும் குட்டிதானே” என்றும் “இப்பதானே போட்டுச்சு” என்றும் தள்ளிப் போடுவதில்தான் ஆறு மாதத்தில் ஒரு பூனை பத்தாகிறது.

மறுப்புக்கான காரணத்தைப் பொறுமையாகக் கேளுங்கள். பாவம் என்பார்கள், காவல் காக்காது என்பார்கள், ஒரு முறையாவது குட்டி போட வேண்டும் என்பார்கள். வாதாட வேண்டாம். கடந்த ஆண்டு போட்ட குட்டிகள் இப்போது எங்கே என்று மெதுவாகக் கேளுங்கள். பதில் சொல்லும்போது பலர் குரல் மாறும். அதே தெருவில் அறுவை முடிந்து நன்றாக இருக்கும் நாயின் வீட்டாரை அழைத்து வந்து பேச வைப்பது, நீங்கள் பேசுவதைவிடப் பயன் தரும்.

அறுவைக்கு முந்தின நாள் மாலை ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் போய், இரவுக்குப் பின் சோறு வேண்டாம் என்று சொல்ல வேண்டும். வயிற்றில் உணவு இருந்தால் மயக்கத்தில் வாந்தி எடுத்து அது நுரையீரலுக்குள் போகும். காரணத்தைச் சொல்லாவிட்டால், “பசியோட போறானே” என்று காலையில் யாராவது ஒருவர் இரக்கப்பட்டுப் போட்டுவிடுவார்கள். குட்டிகளை மட்டும் நீண்ட நேரம் பட்டினி போடக் கூடாது, இரத்தத்தில் சர்க்கரை சரிந்துவிடும். அவற்றுக்கான நேரத்தை மருத்துவர் சொல்வார்.

வண்டி உங்களுடையதாக இருக்கட்டும். ஒரு நாள் கூலியை இழந்து வருகிறவரைப் பயணச் செலவும் செய்யச் சொல்ல முடியாது. ஒவ்வொரு கூண்டிலும் பதிவு எண்ணையும் பெயரையும் ஒட்டுங்கள்.

அறுவைக்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும்: இன்றிரவு இது எங்கே படுக்கும்? தொடக்க காலத்தில் நாங்கள் ஒரு பெட்டை நாயை மழை நாள் ஒன்றில் வீட்டில் விட்டு வந்தோம். தரையெல்லாம் ஈரம், அந்த வீட்டில் மனிதர்களுக்கே காய்ந்த இடம் இல்லை. நான்காம் நாள் தையல் சீழ் பிடித்துப் பிரிந்துவிட்டது. நாய் பிழைத்தது, ஆனால் அந்தக் குற்ற உணர்வு எனக்கு இன்றும் போகவில்லை. இப்போது காய்ந்த இடம் இல்லாத வீட்டு விலங்கை முதல் சில நாட்கள் எங்களில் ஒருவர் வைத்துக்கொள்கிறோம், அல்லது மழை நிற்கும் வரை தேதியைத் தள்ளுகிறோம்.

பிறகு 10 முதல் 14 நாள் குளிப்பாட்டக் கூடாது, ஓடவும் குதிக்கவும் விடக் கூடாது, தையலை நக்கவும் கூடாது. நக்காமல் இருக்கக் கழுத்தைச் சுற்றிப் போடும் கூம்பையோ பழைய பனியனையோ மாட்டிவிட்டு வாருங்கள். ஆண் நாய்க்கு அறுவை முடிந்தாலும் சில வாரங்கள் வரை அதனால் சினைப்படுத்த முடியும். சினைப்பருவத்தில் உள்ள பெட்டையிடமிருந்து ஒன்றரை மாதமாவது விலக்கி வைக்கச் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் விட்டால், “ஆபரேசன் பண்ணியும் குட்டி போட்டுச்சு” என்ற பேச்சு தெரு முழுக்கப் பரவும், அதை மாற்றவே முடியாது.

8. எப்போது எடுத்துச் செல்லலாம்?

வளர்த்தவர் இறந்துவிட்டார், வீட்டைக் காலி செய்தவர்கள் விட்டுப் போய்விட்டார்கள், வீட்டார் தாங்களாகவே முடியவில்லை என்கிறார்கள். இப்படியான நிலைகளில் எடுக்கலாம். வளர்த்தவர் மருத்துவமனையில் இருக்கிறார் என்றால் எடுத்து வைத்திருந்து, அவர் திரும்பியதும் கொடுத்துவிட வேண்டும். அதற்குள் வேறு வீட்டுக்குத் தத்துக் கொடுத்துவிடாதீர்கள். நோயிலிருந்து எழுந்து வருகிறவருக்கு அந்த நாய்தான் மிச்சமாக இருக்கும்.

நிரந்தரமாக வாங்கும்போது எழுத்தில் வாங்குங்கள். படிக்கத் தெரியாதவருக்கு, அவர் நம்பும் ஒருவரைக் கொண்டு வாசித்துக் காட்டுங்கள். ஒரு வாரத்துக்குள் மனம் மாறினால் திரும்பப் பெறலாம் என்ற வரியும் அதில் இருக்கட்டும். வறுமையில் அவசரமாக எடுத்த முடிவாக இருக்கக்கூடும்.

தனியாகக் கிடக்கும் பூனைக்குட்டிகளை உடனே தூக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கும். ஆபத்து இல்லாத இடம் என்றால் சில மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள். உண்மையிலேயே தாயற்றவை என்றால் முதலில் சூடு, பிறகுதான் பால். குளிர்ந்த உடம்பால் பாலைச் செரிக்க முடியாது. மாட்டுப்பால் பேதியாக்கும், பூனைக்குட்டிக்கான பால்மாவுதான் வேண்டும். மல்லாக்கப் படுக்க வைத்துப் புகட்டினால் நுரையீரலுக்குப் போய்விடும், குப்புற வைத்துப் புகட்டுங்கள்.

எடுத்த விலங்கை மற்றவற்றோடு உடனே சேர்க்காமல் 14 நாள் தனியே வையுங்கள். பார்வோ கிருமி உடம்பில் நுழைந்து நோயாக வெளிப்பட இரண்டு வாரம் வரை ஆகலாம். அந்தக் கிருமி தரையில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும், சாதாரண சோப்புக்குச் சாகாது. முதலில் அழுக்கைக் கழுவி எடுத்துவிட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்கு 30 பங்கு தண்ணீர் கலந்து ஊற்றிப் பத்து நிமிடம் ஊற விடுங்கள். அழுக்கு இருக்கும்போது ஊற்றினால் பிளீச் வேலை செய்யாது.

9. கொடுமை என்று தெரிந்தால்

அறியாமையும் வறுமையும் வேறு, வேண்டுமென்றே வதைப்பது வேறு. முதலாவதுக்கு மேலே சொன்னவை போதும். இரண்டாவதைக் கண்டால் தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். தேதி, நேரம், பார்த்தது என்ன என்று எழுதி, மருத்துவரின் அறிக்கையோடு சட்டப்படி அதிகாரம் உள்ளவர்களிடம் கொடுங்கள். இரவில் போய் அவிழ்த்துக்கொண்டு வந்தால் திருட்டு வழக்கு உங்கள் மேல் வரும், விலங்கும் திரும்ப அதே கைக்குப் போகும். தகவல் சொன்ன பக்கத்து வீட்டார் பெயர் எங்கும் வெளியே வரக் கூடாது. அவர்கள் அங்கேயே வாழ வேண்டியவர்கள்.

10. திரும்பப் போகும் நாட்கள்

அறுவை ஆன வீட்டுக்கு மறுநாள், மூன்றாம் நாள், பத்தாம் நாள் போங்கள். சொறிக்கு மருந்து கொடுத்த வீட்டுக்கு இரண்டு வாரத்தில் போக வேண்டும். பாதி மருந்தில் முடி முளைத்ததும் நிறுத்திவிடுவார்கள், புண் திரும்ப வந்துவிடும். போக முடியாத தேதியை யாருக்கும் சொல்லாதீர்கள்.

மூன்றாம் மாதத்திலிருந்து பதிவேட்டின் ஒரு படியை, முதல் நடையில் கண்டுபிடித்தீர்களே, அவரிடமே கொடுத்து வையுங்கள். புதிதாக வந்த குட்டி, காணாமல் போன நாய், சினையான பூனை எல்லாவற்றையும் அவர் எழுதுவார். அடுத்த ஆண்டு ஊசிக்கான தேதிகளைச் சிவப்பு மையில் எழுதி, கால்நடை மருத்துவரின் எண்ணை முதல் பக்கத்தில் ஒட்டிக் கொடுங்கள். நீங்கள் வராத இரவில் ஒரு நாய் குட்டி ஈன முடியாமல் தவித்தால் அந்த வீட்டார் ஓடிவரப் போவது அவர் வாசலுக்குத்தான்.